புதுப்பிப்பு: ரேஸ் பண்ணா நின்னுபோற பத்மினி, காரணம் கிடைச்சிடுச்சு

போன பதிவுல உதவுன எல்லாருக்கும் நன்றி. புதுசா படிக்கிறவங்களுக்கு: என் கார் பிரீமியர் பத்மினி, சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு விடுற பாகம், சுருக்கமா கார்ப்), டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்க மெக்கானிக்கல் பம்ப். ஐட்லிங்ல நல்லா ஓடும், ஆனா நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணாலும் கொஞ்ச நேரத்துல திக்கித் திக்கி ஆஃப் ஆயிடும்.

ஃப்ளோட் லெவல், நீடில் வால்வுன்னு கார்புக்குள்ள இருக்கிறதை பாக்கச் சொல்லி நிறைய யோசனை வந்துச்சு, ஆனா வேலைக்கு ஆனது ஒரு அண்ணன் சொன்னது தான்: பம்ப்பை விட்டுட்டு, கார்புக்கு மேல பாட்டில கட்டி நேரா பெட்ரோல் விட்டுப் பாரு. (இஞ்சின் ஆறினப்புறம், பக்கத்துல தீயணைப்பான் வச்சுக்கிட்டு தான், விளையாட்டில்ல.) ரேஸ் பண்ணா நிக்கவே இல்ல, அப்ப கார்ப் ஓகே. அடுத்து பம்ப்போட இன்லெட்டுக்கு புது ஹோஸ் போட்டு கேன்ல இருந்து இழுக்க விட்டேன், அதுவும் ஓகே. மிச்சம் டேங்க்ல இருந்து வர்ற லைன் தான்.

இரும்பு பைப்பையும் பம்ப்பையும் இணைக்கிற ரப்பர் ஹோஸ்ல, கிளிப்புக்கு அடியில மயிரிழை வெடிப்பு. ஆச்சரியம் என்னன்னா ஒரு சொட்டு கூட வெளிய கசியல, ஏன்னா அது பம்ப் உறிஞ்சுற பக்கம், பெட்ரோல் வெளிய வராது, காத்து தான் உள்ள போகும், அதான் ரேஸ் பண்ணா பெட்ரோல் பத்தாம போச்சு. கண்ணாடி மாதிரி ஃபில்டர் போட்டிருந்தா குமிழி தெரிஞ்சிருக்கும், இப்ப போட்டாச்சு.

புது ஹோஸ் இ20 பெட்ரோலுக்கு (20% எத்தனால் கலந்தது) தாங்குற எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தர வகை. பல்லு வச்ச கிளிப் ரப்பரை வெட்டுது, ஓரம் மழமழன்னு இருக்கிறதா பாத்து வாங்குங்க.