குழந்தைகளோடு குமிழி ஓவியம்: நாங்கள் கண்டவை

மழலையர் வகுப்பு ஆசிரியை, திண்டுக்கல்

என் வகுப்பில் எல்லோரும் 4, 5 வயதுப் பிள்ளைகள். வண்ணம் கலந்த சோப்புநீரில் உறிஞ்சுகுழாயால் ஊதி, எழும்பும் நுரையின் மேல் தாளை வைத்தால் வட்டவட்டமாகத் தடம் விழும். அதுதான் குமிழி ஓவியம். இதற்கு ஆழமான சிறு கிண்ணம்தான் சரி. அகன்ற தட்டில் நுரை பரவுமே தவிர எழும்பாது. கால் டம்ளர் தண்ணீர், 2 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், அதே அளவு போஸ்டர் கலர். கலந்தபின் விரலால் தொட்டுத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். கோடு வெளிறியிருந்தால் இன்னும் கொஞ்சம் வண்ணம் சேர்க்க வேண்டும். குமிழியின் சவ்வு மிக மெல்லியது. அது தாங்கிச் செல்லும் வண்ணமும் மிகக் குறைவு.

உறிஞ்சுகுழாயின் மேல்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுவேன். குழந்தை மறந்துபோய் உறிஞ்சினாலும் அந்தத் துளை வழியே காற்று நுழைவதால் சோப்புநீர் எளிதில் வாய்க்கு ஏறாது. அது மட்டும் போதாது. முதலில் உள்ளங்கையில் ஊதச் சொல்வேன். பிறகு வெறும் தண்ணீரில். இரண்டிலும் பழகிய பிள்ளைக்குத்தான் வண்ணக் கிண்ணம். இன்னும் ஊத வராத சின்னவர்களுக்கு நான் ஊதித் தருவேன். தாளை வைப்பது அவர்கள் வேலை.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் ஊத ஊத நீல நுரை விளிம்பைத் தாண்டி வழிந்து மேசையெங்கும் பரவியது. தாளைத் தொடவே இல்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டுக் காதை நுரையருகே கொண்டுபோனாள். “மிஸ், சத்தம் வருகிறது” என்றாள். குமிழிகள் உடையும் அந்த மெல்லிய சடசடப்பைக் கேட்க எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கிண்ணங்களின் மேல் குனிந்துவிட்டார்கள். அன்று அவள் பெயரில் ஒரு படமும் இல்லை. அவள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆண்டுவிழாக் கண்காட்சிக்காக இந்த வட்டங்களுக்கு வாலும் கண்ணும் வரைந்து மீனாக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை தானாக மீன் என்று சொன்னால் வரையட்டும். நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பாட்டி, தென்காசி

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய்க்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. காகிதக் குழாயைப் பேரன் கடித்தே கூழாக்கிவிடுகிறான். அதனால் நான் பழைய வழிக்குப் போனேன்: பப்பாளி இலைக்காம்பு. உள்ளே இயல்பாகவே குழலாக இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பால் முழுவதும் போகும்வரை நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். பால் பட்டால் குழந்தையின் உதடு எரியும். காம்பின் வாய் அகலமாக இருப்பதால் குமிழியும் பெரிதாக வரும்.

சிறு வயதில் நாங்கள் காட்டாமணக்கின் காம்பை ஒடித்து, அதில் கசியும் பாலிலேயே குமிழி ஊதுவோம். இப்போது பேரனை அந்தச் செடியின் பக்கம் விடுவதில்லை. அதன் கொட்டை நஞ்சு. மென்று பார்க்கும் வயது அவனுக்கு.

கடை வண்ணம் தீர்ந்துபோன ஒருநாள், துணி சோப்பு கரைத்த தண்ணீரில் மஞ்சள்தூளைப் போட்டோம். மஞ்சள் நிறம் வரும் என்று காத்திருந்தவன் முன்னால் தண்ணீர் செம்பழுப்பாக மாறியது. ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பதுதான் இங்கேயும். சோப்பின் காரம் மஞ்சளைச் சிவக்க வைக்கிறது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டதும் மீண்டும் மஞ்சளானது. ஆனால் அந்தக் கரைசல் திரிந்துபோய் நுரையே வரவில்லை. பேரன் ஓவியத்தை விட்டுவிட்டு, சமையலறையில் வேறு எதையெல்லாம் சோப்புநீரில் போடலாம் என்று தேடப் போய்விட்டான்.

ஒரு தந்தை, சென்னை

என் மகனுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் கையில் படக்கூடாது. பட்டால் அழுகை. கிண்ணத்தில் ஊதும் முறை அவனுக்கு ஒத்துவரவில்லை. மாறாக, மொட்டைமாடிச் சுவரில் பெரிய சார்ட் தாளை ஒட்டி, சோப்புநீரில் உணவு வண்ணம் கலந்து, வளையத்தால் அதை நோக்கி ஊதச் சொன்னேன். மாலைக் கடற்காற்றின் ஈரப்பதத்தில் குமிழிகள் சட்டென்று உலர்வதில்லை; தாள்வரை போய்ச் சேருகின்றன. அதே வேலையை உச்சிவெயிலில் செய்தால் பாதிவழியிலேயே உடைந்துவிடும்.

ஒவ்வொரு வட்டத்தின் அடியிலும் அழுத்தமாக ஒரு பொட்டு விழுவதை அவன்தான் முதலில் கவனித்தான். குமிழியில் உள்ள நீர் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருப்பதால் வண்ணமும் அங்கேதான் சேர்கிறது. அவன் இன்னமும் வண்ணத்தில் கை வைப்பதில்லை, நாங்களும் வற்புறுத்துவதில்லை. உணவு வண்ணம் துணியில் பட்டால் எளிதில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

அறிவியல் ஆசிரியர், திருச்சி

நான் சொல்ல வருவது காய்ந்த தாளைப் பற்றி. நுரையின் தடத்தை உற்றுப் பாருங்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் எப்போதும் மூன்றுதான் சேரும், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 120 பாகையில். சோப்புச் சவ்வு தன் பரப்பை முடிந்தவரை குறைத்துக்கொள்ளப் பார்ப்பதால் வரும் ஒழுங்கு இது. பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோ இந்த விதிகளை ஆராய்ந்து 1873-இல் விரிவாக வெளியிட்டார். அப்போது அவருக்குப் பார்வையே கிடையாது. உடனிருந்தவர்கள் கண்டு சொன்னதைக் கொண்டு சோதனைகளைத் தொடர்ந்தவர்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கோணத்தைப் பற்றிப் பேசவில்லை. “நான்கு கோடு ஒரே புள்ளியில் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அரைமணி நேரம் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. ஒரு பையன் மட்டும் கண்டுபிடித்துவிட்டதாக ஓடிவந்தான். பார்த்தேன், நான்கேதான். பக்கத்தில் இருந்த சிறுமி தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு பச்சைக் கோடு மற்றொரு பச்சைக் கோட்டின் மேல் ஏறிப் போவதைக் காட்டினாள். “இவன் ஒரே தாளை இரண்டு தடவை நுரையில் வைத்திருக்கிறான், சார்.”