ஓமோ பள்ளத்தாக்கு: வழிகாட்டி வேண்டுமா?

கேள்வி: எத்தியோப்பியாவில் முர்சி, ஹமர் மக்கள் வாழும் பக்கம் போக ஆசை. வழிகாட்டி இல்லாமல் முடியுமா? போட்டோவுக்குக் காசு கேட்பார்களாமே?

பதில் 1: அடிஸ் அபாபாவிலிருந்து ஓமோ பக்கத்து ஜிங்கா நகருக்கு விமானம் உண்டு, ஆனால் முர்சி ஊர்கள் மாகோ தேசியப் பூங்கா பக்கம், அவர்கள் மொழி தெரிந்த ஆள் இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவீர்கள்? காசு கேட்பார்கள். முர்சிப் பெண்கள் கீழுதட்டில் பொருத்திய தட்டோடு போட்டோவுக்கு வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்குச் சங்கடம்தான்.

பதில் 2: கேட்டால் என்ன தப்பு? கிபே 3 அணை வந்தபின் ஓமோ ஆற்றில் பழைய வெள்ளம் வருவதில்லை, வெள்ளம் வடிந்த கரையில் சோளம் விதைத்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பதில் 3: சந்தை நாளில் போங்க. துர்மி ஊரில் திங்கள், கே அஃபரில் வியாழன், திமேகாவில் சனி. கேமராவைப் பையில் போட்டுவிட்டு, ஹமர் வீட்டில் சுரைக்குடுவையில் தரும் காபித் தோல் பானத்தைக் குடியுங்கள்.