ஆக்சுவரியல் தேர்வுத் தேதி மாறினால் படிப்பு நேரத்தை எப்படித் திருத்துவது?

ஆக்சுவரியல் (காப்பீட்டில் இடரைக் கணக்கிடும் துறை) தேர்வின் தேதி மாறியதும் எல்லோரும் நாளைத்தான் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது மணியை. சி.எஸ்.2 (இடர் மாதிரிகள், உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு) தாளுக்கு 14 வாரம் இருக்கிறது என்று வையுங்கள். வேலை நாளில் ஒன்றரை மணி, சனி, ஞாயிறு தலா 4 மணி. வாரத்துக்குப் பதினைந்தரை, மொத்தம் 217. இது காகிதத்துக் கணக்கு. கல்யாணம், காய்ச்சல், ஆபீஸில் கடைசி நேரத்தில் வந்து விழும் வேலை என்று அதில் கால் பங்கு போய்விடும். கைக்கு வருவது 160 சொச்சம்.

அதில் 60 மணியைப் பழைய வினாத்தாள்களுக்கென்று முதலிலேயே பூட்டிவிடுங்கள். மிச்சம் 100-தான் பாடங்களுக்கு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பாடம் முடிந்தபின் மிஞ்சுவது வினாத்தாளுக்கு. மிஞ்சுவதே இல்லை.

தேர்வு 4 வாரம் தள்ளிப்போனால் நிகரமாக 46 மணி கூடுதலாகக் கிடைக்கும். பாடம் முடிக்கும் தேதியை மட்டும் நகர்த்தாதீர்கள். முதல் வாரத்தில் படித்த மார்க்கோவ் ஜம்ப் பிராசஸ் (நிலை விட்டு நிலை தாவும் மாதிரி) பதினெட்டாவது வாரத்தில் நினைவில் நிற்காது. கோல்மோகோரோவின் முன்னோக்குச் சமன்பாடு எது, பின்னோக்கு எது என்பதிலேயே குழம்பும். பழைய தேதிக்குள் பாடத்தை முடித்து, மூன்று நாள் ஓய்வெடுத்து, கூடுதல் மணி முழுவதையும் நேரம் வைத்து எழுதும் தாள்களுக்குக் கொடுங்கள். மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் என்ற ஓட்டம் கைக்குப் பழக வேண்டும்.

தேர்வு முன்னால் வந்தால் வெட்ட வேண்டியது நோட்ஸை அழகாகத் திருப்பி எழுதும் வேலையை. (அதைப் படிப்பு என்று கணக்கில் வைப்பதே தப்பு.) அந்த 60 மணியில் கை வைக்க வேண்டாம்.

இந்தியாவில் காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மார்ச் 31-இல் கணக்கு ஆண்டு முடிகிறது. வேல்யுவேஷன் (பாலிசிப் பொறுப்புகளை மதிப்பிடும்) வேலை ஏப்ரலில்தான் கழுத்தை நெரிக்கும். ‘மூன்று வாரம்தானே மாறியிருக்கிறது’ என்று தோன்றும். அந்த மூன்று வாரம் ஏப்ரலில் விழுந்தால் வாரத்துக்கு 15 மணி என்பது 5 மணி ஆகிவிடும்.

•

மேலே சொன்னதில் பி தாள் விட்டுப்போயிற்று. சி.எம்.1, சி.எம்.2, சி.எஸ்.1, சி.எஸ்.2 நான்கிலும் எழுத்துத் தேர்வான ஏ தாளுக்கு 70 சதவீத மதிப்பெண், கணினித் தேர்வான பி தாளுக்கு 30. சி.எஸ். (புள்ளியியல்) என்றால் ஆர் என்ற நிரல் மொழி, சி.எம். (கணிதம்) என்றால் எக்செல். நேரம் குறைந்ததும் முதலில் பலியாவது இதுதான். நிரலைப் பார்த்தால் புரியும், நாமே தட்டினால் வராது. வாரத்துக்கு 2 மணியாவது கணினியில் உட்கார்ந்தே செய்யுங்கள்.

தப்புகள் சின்னவை. எக்செலில் டாலர் குறி போட்டு வட்டி விகித செல்லைப் பூட்டாமல் ஃபார்முலாவைக் கீழே இழுப்பார்கள். லாபச் சோதனை அட்டவணை மொத்தமும் கோணிவிடும். ஆரில் கேள்வி கொடுத்த சீட் (seed, தற்போக்கு எண்களின் தொடக்கம்) எண்ணைப் போட மறந்தால் சிமுலேஷன் விடை வேறாக வரும். அதைவிட மோசம், நிரலை ஓடவிட்டு அவுட்புட்டை வேர்ட் கோப்பில் ஒட்டாமல் விடுவது.

இரண்டு தாள் எழுதுபவர்களுக்கு: இடைவெளி 8 நாளிலிருந்து 3 நாளாகச் சுருங்கினால், இரண்டாம் தாளின் கடைசி ரிவிஷன் முதல் தாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் 3 நாளில் ஃபார்முலாவும் ஒரே ஒரு முழுத் தாளும்தான் ஆகும்.

•

எஸ்.ஓ.ஏ. (அமெரிக்க ஆக்சுவரிகள் சங்கம்) பக்கம் எழுதுபவர்கள் தேர்வின் ஒரு மணிக்கு 100 மணி படிப்பு என்ற வாய்க்கணக்கில் போவார்கள். அங்கே நிகழ்தகவுத் தேர்வு (P) 3 மணி, ஆக 300. தொடக்கத்துக்குச் சரியான கணக்கு; நிகழ்தகவில் கை பழகியவருக்கு அவ்வளவு வேண்டாம்.

அடுத்த அமர்வுக்குத் தள்ளுவதற்கு முன் சிலபஸ் ஆண்டைப் பாருங்கள். பிரிட்டன் ஆக்சுவரிகள் அமைப்பான லண்டன் இன்ஸ்டிடியூட்டின் தாளில் செப்டம்பரை விட்டு ஏப்ரலுக்குப் போனால் அது அடுத்த ஆண்டின் சிலபஸ். பெரும்பாலும் சின்ன மாற்றம்தான். 2019-இல் அப்படி இல்லை: பழைய பாடத்திட்டத்தின் சி.டி.6 தாள் மூன்றாகச் சிதறியது. ரூயின் தியரியும் (நிறுவனம் நொடிக்கும் வாய்ப்பு) ரன்-ஆஃப் முக்கோணமும் (இழப்பீட்டு நிலுவைக் கணக்கு) சி.எம்.2-க்கும், டைம் சீரிஸ் சி.எஸ்.2-க்கும், பேய்ஸ் பகுதி சி.எஸ்.1-க்கும் போயின. சீனியர் கொடுத்த சி.டி.6 நோட்ஸை வைத்து மணிக்கணக்குப் போடுபவர்கள் அட்டையைத் திறக்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.