அம்மாவால் சார்பதிவாளர் ஆபீஸ் வர முடியாது, பத்திரத்தை எப்படிப் பதிவது?

மன்னை மகள்:
அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் நினைவும் தெளிவு. குடியிருக்கும் வீட்டை எனக்கும் தம்பிக்கும் தான செட்டில்மெண்ட்டாக எழுதி வைக்கணும்னு அவங்களே சொல்றாங்க. போன வாரம் பத்திரம் டைப் அடித்து, அம்மாவின் இடது பெருவிரலை நான்தான் பிடித்து வைத்தேன். மறுநாள் கடைத்தெருவில் தெரிந்த ரெண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். நோட்டரி ஒருவர் சீல் போட்டு, இதுவே போதும் என்றார். செல்லுமா?

கடலூர் மருமகள்:
என் மாமனாருக்கு வீட்டுக்கே வந்து பதிந்தார்கள். படுத்த படுக்கை என்று டாக்டர் சான்றிதழோடு மனு கொடுத்தோம். ஆம்புலன்ஸில் அலைக்கழிக்காதீங்க.

பத்திர எழுத்தர், தஞ்சை:
செல்லாதும்மா. தான செட்டில்மெண்ட்டைக் கட்டாயம் பதிவு செய்யணும். நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது.

அதைவிட எனக்குக் கவலை அந்தச் சாட்சிகள்தான். ரெண்டு சாட்சி வேணும். அவங்க முன்னால் அம்மா ரேகை வைத்திருக்கணும், இல்லையென்றால் “இது என் ரேகைதான்” என்று அம்மா வாயாலேயே அவங்க கேட்ட பிறகு கையெழுத்துப் போட்டிருக்கணும். கடைத்தெருவில் நின்னவங்க ரெண்டையும் செய்யலையே! பின்னால் வழக்கு வந்து அவங்களைக் கூண்டில் ஏற்றினால் என்ன சொல்வாங்க? புதுசா எழுதுங்க. சாட்சிகளை அம்மா கட்டில் பக்கத்திலேயே உட்கார வையுங்க. விரலை நீங்க பிடிக்காதீங்க, அம்மாவே வைக்கட்டும்.

எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கணும். நடமாட முடியாதவங்க நேரில் வரத் தேவையில்லை என்று 1908 பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவே சொல்லுது. அதிகாரி வீட்டுக்கு வருவார், அல்லது ஆளை அனுப்பி விசாரிப்பார். “இதை நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?” என்று கேட்பார். அம்மா ஆமாம் என்று ஒப்புக்கொள்ளணும். அந்த நேரம் நீங்களும் தம்பியும் திண்ணையில் இருங்க. பிள்ளைகள் பக்கத்தில் நின்று தலையாட்ட வைத்த பத்திரங்கள் கோர்ட் ஏறியதை நான் பார்த்திருக்கேன்.

மன்னை மகள்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்னொன்று. அம்மா 31 வருஷம் டீச்சர். கைநாட்டு வைத்ததிலிருந்து முகமே சரியில்லை. ரெண்டு நாளா ரூல்டு நோட்டில் இடது கையால் பேரை எழுதிப் பார்க்கிறாங்க. பழைய கையெழுத்து மாதிரி இல்லை. அதைப் போடலாமா?

பத்திர எழுத்தர், தஞ்சை:
தாராளமா போடலாம். பேங்க் செக் மாதிரி பழசோடு ஒத்துப் பார்க்க மாட்டாங்க. “இது என் கையெழுத்துதான்” என்று டீச்சர் சொன்னால் அதுதான் கையெழுத்து. பதியும்போது ரேகை எல்லாரிடமும் வாங்குவாங்க, படிச்சவங்க படிக்காதவங்க என்று கிடையாது. அதை அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வேணும். கை வலிக்கும், நடுவில் காபி கொடுத்து மெதுவா போடச் சொல்லுங்க.