ஸ்காபரோவில் கூட்டு ஹொப் தோட்டம்: 40 × 15 அடி நிலத்தில் எத்தனை கன்று, என்ன பந்தல்?

முதல்வோர்ட்

வணக்கம். ரொறன்ரோவில் ஸ்காபரோ பக்கம் வீட்டில் பியர் காய்ச்சுகிற எட்டுப் பேர் சேர்ந்து, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கொடியான ஹொப்ஸைக் கூட்டாக வளர்க்கப் போகிறோம். சமூகத் தோட்டம் ஒன்றில் 40 அடி நீளம், 15 அடி அகலம் தருகிறார்கள். முழுநாள் வெயில் விழும், நீளப் பக்கம் வடக்குத் தெற்கு. மண் களி, பெருமழை பெய்தால் அடுத்த நாளும் தண்ணீர் நிற்கும். பந்தல் 12 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது தோட்டத்து விதி. குழாய்த் தண்ணீர் உண்டு, மின்சாரம் இல்லை.

ஆளுக்கொரு ரகம் என்று எட்டு ரகம் வைக்கப் பலருக்கு விருப்பம். சிட்ரா, மொசைக் வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவருடைய உறவினர் வளவில் பழைய ஹொப் கொடி நிற்கிறது, வேர்த்தண்டு சும்மா தருகிறாராம். எடுக்கலாமா? கம்பமும் கம்பியும் எப்படிப் போடுவது? மே மாதம் நட வேண்டுமென்றால் இந்த இலையுதிர் காலத்திலேயே செய்து முடிக்க வேண்டியவை எவை?

கொடிப்பந்தல்

எட்டு ரகம் வேண்டாம். இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ஒரே ரகமென்றால் கன்றுக்குக் கன்று 3 அடி விட்டால் சரி. வேறு ரகங்களுக்கு நடுவே 6 அடியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஓகஸ்ட் மாதம் கொடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எது எந்த ரகம் என்றே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு ரகமும் வேறு வேறு நாளில் முற்றும். எட்டு ரகமென்றால் எட்டு அறுவடை, எட்டு முறை உலர்த்தல், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஒருமுறை பியர் காய்ச்சத்தான் பூ மிஞ்சும். சிட்ராவும் மொசைக்கும் காப்புரிமை உள்ளவை, கன்று வெளியே விற்பதில்லை. அந்தப் பேரில் யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தெற்கு ஒன்ராறியோவுக்கு நான் சொல்வது காஸ்கேட், சினூக், நக்கெட். காஸ்கேட் 1972இல் வெளியான ரகம். இங்கத்தைய பனியையும் ஈரத்தையும் தாங்கி நிறையக் காய்க்கும், கசப்புத் தரும் ஆல்ஃபா அமிலம் 4.5 முதல் 7 சதவீதம். சினூக் 12க்கு மேல் போகும்.

உங்கள் நிலத்துக்குக் கணக்கு இது. 8 அடி இடைவெளியில் இரண்டு வரிசை, இருபுறமும் மூன்றரை அடி நடைபாதை. ஓரக் கம்பங்களை எல்லையிலிருந்து 2 அடி உள்ளே வைத்தால் இடையில் 36 அடி, நடுவில் இன்னொரு கம்பம். கம்பத்திலிருந்து 3 அடி தள்ளித் தொடங்கினால் முதல் வரிசையில் நடுக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5, பத்தும் காஸ்கேட். இரண்டாம் வரிசையில் 5 சினூக், 6 அடி இடைவெளி, 5 நக்கெட். அந்த இடைவெளிக்குள் நடுக்கம்பம் சரியாக வந்து உட்காரும். மொத்தம் 20 கன்று.

ஓரக் கம்பம் 6 × 6 அங்குலம், நடுக்கம்பம் 4 × 4 போதும். எல்லாம் 16 அடி நீளம். அதில் 4 அடி மண்ணுக்குள் போக வேண்டும், ரொறன்ரோவில் உறைபனி அவ்வளவு ஆழம் இறங்கும். அடியில் 6 அங்குலம் சரளைக்கல் போட்டு நிறுத்துங்கள். தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தரும் சேவையான ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து வாயு, மின் குழாய்களைக் குறிக்கச் சொல்லுங்கள். இது கட்டாயம், காசு இல்லை. நிலம் இறுகுமுன் இந்த ஒக்டோபரிலேயே கம்பத்தை நட்டுவிட்டால், குளிர்காலம் முழுக்க மண் அமர்ந்து மே மாதம் கம்பம் அசையாது நிற்கும்.

கம்பிக்கு 5 மில்லிமீற்றர் நாகம் பூசிய முறுக்குக் கம்பி. வழக்கமாக ஓரக் கம்பத்தை வெளியே 45 பாகையில் இழுத்துக் கட்டுவார்கள். 12 அடி உயரத்துக்கு அப்படிக் கட்ட 12 அடி இடம் வேண்டும், உங்களிடம் இல்லை. எனவே உட்பக்கமாக முட்டுக்கால் கொடுங்கள்: கம்பத்தில் 6 அடி உயரத்திலிருந்து, உள்ளே 6 அடி தள்ளித் தரையில் ஊன்றிய 4 × 4. காய்ந்த கொடியின் பாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓகஸ்ட் இடிமழையில் இலை முழுக்க நனைந்து, காற்றும் சேர்ந்து அடிக்கும்போதுதான் கம்பம் சாயும்.

கம்பியை நிரந்தரமாக அறையவும் வேண்டாம். ஓரக் கம்பத்தின் உச்சியில் கப்பி வைத்து, கம்பியை 4 அடி உயரத்தில் உள்ள கைவின்ச்சுக்கு இறக்குங்கள். நடுக்கம்பத்தின் உச்சியில் திறந்த கொக்கி மட்டும் போதும், கம்பி அதில் படுத்திருக்கும். அறுவடை நாளில் வின்ச்சைத் தளர்த்தினால் முழு வரிசையும் இடுப்பளவுக்கு இறங்கிவிடும், ஒருவரும் ஏணியில் ஏறத் தேவையில்லை. கம்பி முனைகளில் மூன்று மூன்று கிளிப், யு வளைவு வெட்டு முனைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் இழுவிசை தாங்கும் கம்பி நசுங்கும்.

கயிறு தும்புக் கயிறுதான். அமெரிக்க ஹொப் பண்ணைகளுக்கே இலங்கையிலிருந்து போவது அது. கொடியின் கொக்கிமயிர் தும்பில் நன்றாகப் பிடிக்கும், நைலோனில் வழுக்கி இறங்கும். கன்றுக்கு இரண்டு கயிறு, கீழே ஒரு முளை, மேலே 3 அடி விரித்து வி வடிவம்.

குவெல்ஃப்_மண்

பந்தல் பற்றி மேலே சொன்னதற்கு முழு உடன்பாடு. கன்று, மண், தண்ணீர், நோய் பற்றி நான் சொல்கிறேன்.

அந்த இலவச வேர்த்தண்டை எடுக்காதீர்கள். பழைய கொடியில் வைரஸும் வைராய்டும் வெளியே தெரியாமல் இருக்கும், விளைச்சலும் ஆல்ஃபாவும் குறையும். அடிச்சாம்பல் நோய் (டவுனி மில்டியூ) வேர்த்தண்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும். ஆண் செடியா பெண் செடியா என்றும் பூக்கும் வரை தெரியாது. ஆண் ஒன்று வந்துவிட்டால் மற்ற எல்லாப் பூவிலும் விதை விழும். வைரஸ் சோதித்த தாய்ச்செடியிலிருந்து எடுத்த தொட்டிக் கன்றையே வாங்குங்கள். நல்ல நாற்றங்கால்களில் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிடும், இப்போதே சொல்லி வையுங்கள்.

களிமண்ணை அப்படியே தோண்டி நட்டால் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். வரிசை நெடுக 12 அங்குல உயரத்துக்கு மண்ணும் மக்கிய உரமும் கலந்து மேடு கட்டி, மேட்டின் மேல் நடுங்கள். பிஎச் 6 முதல் 7 வரை இருக்கட்டும். நடுவது உறைபனி போன பிறகு, மே கடைசி வாரம்.

முதல் வருடம் எந்தத் தண்டையும் வெட்டாதீர்கள், வேர் பிடிக்கட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து, ஏப்ரலில் முதலில் பாய்ந்து வரும் தடித்த குருத்துகளை வெட்டிவிட வேண்டும். அவை உள்ளே பொள்ளல், கணுவிடை நீளம் அதிகம், பக்கக்கிளை குறைவு. மே நடுவில் அடுத்த குருத்துகள் இரண்டடி வரும்போது கயிறு ஒன்றுக்கு இரண்டை மட்டும் ஏற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் தானாக அவிழ்த்துக்கொள்ளும். உங்கள் பந்தல் தாழ்வு, உச்சியில் கொடி குவியும். அதனால் நாலைந்து தண்டு ஏற்றும் ஆசை வேண்டாம். உள்ளே காற்று புகாது, நோய் வரும்.

தண்ணீர்: முற்றிய செடிக்கு ஜூலை வெயிலில் நாளைக்கு 10 முதல் 15 லிட்டர். கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவாய் இரண்டு வைத்து ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டால் 12 லிட்டர். 20 கன்றுக்கும் சேர்த்து மணிக்கு 160 லிட்டர்தான், சாதாரணக் குழாயே தரும். மின்சாரம் இல்லாததால் பேட்டரி டைமர், வடிகட்டி, 25 பிஎஸ்ஐ அழுத்தக் குறைப்பான். இலையை நனைக்கும் தெளிப்பான் கூடவே கூடாது.

உரம்: இரண்டாம் வருடத்திலிருந்து கன்றுக்கு 60 கிராம் நைட்ரஜன். 12 சதவீத இரத்தத்தூள் என்றால் அரைக் கிலோ. பாதி கொடி ஏற்றும்போது, பாதி ஜூன் நடுவில். ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு போட்டால் இலை கொழுக்கும், சிலந்திப்பேனும் சாம்பல் நோயும் பெருகும்.

நோயில் முதல் எதிரி அடிச்சாம்பல். வசந்தத்தில் குட்டையாக, வெளிறி, இலை கீழ்நோக்கிச் சுருண்டு, தொட்டால் முறியும் குருத்து வந்தால் அதுதான். இலையின் அடியில் கருஞ்சாம்பல் பூத்திருக்கும். அடியோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடக்கூடாது. கொடி 7 அடி தாண்டியதும் கீழ் 3 அடி இலைகளை உருவிவிடுங்கள், இதுவும் இரண்டாம் வருடத்திலிருந்துதான். ஜூனில் இலைநுனி வி வடிவில் மஞ்சளானால் தத்துப்பூச்சி. ஜூலையில் ஜப்பானிய வண்டு வரும்: காலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுங்கள். வாசனைப் பொறி வைத்தால் அக்கம்பக்கத்து வண்டெல்லாம் உங்கள் தோட்டத்துக்கு வரும்.

முதல்வோர்ட்

மிக்க நன்றி, இருவருக்கும். மூன்று ரகம் என்று குழுவில் சொல்லிவிட்டேன். இனி அறுவடை: 20 கன்றில் எவ்வளவு வரும்? எங்களிடம் இரண்டு பழ உலர்த்திகளும் ஒருவருடைய கராஜும் உண்டு. போதுமா? பங்கு பிரிப்பது எப்படி?

கூம்புக்காலம்

போதாது. கூட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் தடுமாறுவது உலர்த்துமிடத்தில்தான்.

முதல் வருடம் கைப்பிடியளவு வரும். மூன்றாம் வருடம் உங்கள் உயரத்துக்குக் கன்றுக்கு 300 முதல் 500 கிராம் உலர்ந்த பூ என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 6 முதல் 10 கிலோ. பச்சையில் அது நாலு மடங்குக்கு மேல். காஸ்கேட் பத்தும் ஒரே நாளில் இறங்கும், 20 கிலோ பச்சைப் பூ. ஒரு கன்றைக் கையால் பறிக்க ஒருவருக்கு ஒரு மணி நேரமாவது போகும்.

20 அங்குலச் சதுரச் சட்டத்தில் கொசுவலை அடித்து, 2 அங்குலக் கனத்துக்குப் பூப் பரப்பினால் ஒரு கிலோ சொச்சம் கொள்ளும். ஐந்து சட்டத்தை அடுக்கி, அடியில் பெட்டி விசிறி, காற்று மேல்நோக்கி. நாலு அடுக்கு இருந்தால் காஸ்கேட் அறுவடை அடங்கும். கராஜ் இருட்டாக இருக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று ஓட வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோ இரவுக் காற்று ஈரமானது, பகலில் காய்ந்ததை இரவில் திரும்ப நனைத்துவிடும். வெப்பம் கொடுத்தால் 50 பாகை செல்சியஸைத் தாண்டவேண்டாம், வாசனை எண்ணெய் பறந்துவிடும்.

எப்போது பறிப்பது, எப்போது உலர்த்துவதை நிறுத்துவது இரண்டையும் தராசுதான் சொல்லும். வரிசையின் பல இடங்களிலிருந்து, மேலும் கீழுமாக, 100 கிராம் பூ எடுத்து எடை குறையாத வரை முழுக்கக் காய வையுங்கள். 22 முதல் 24 கிராம் மிஞ்சினால் பறிக்கலாம். 19 என்றால் இன்னும் சில நாள் பொறுங்கள். அதே எண்ணை வைத்து நிறுத்தும் எடையும் வரும்: பச்சை 1000 கிராம், உலர்பொருள் 22 சதவீதம் என்றால் 220ஐ 0.9ஆல் வகுத்தால் 244. சட்டத்திலுள்ள ஒரு கிலோ 244 கிராமுக்கு வந்ததும் ஈரம் 10 சதவீதம், அத்தோடு எடுத்துவிடுங்கள். இதழ் மொறுமொறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே நடுக்காம்பு கடைசியாகத்தான் காயும். அது வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

பங்கு: "இது என் கன்று" என்ற பேச்சே வேண்டாம். ஒரு ரகத்தின் பூ முழுவதையும் உலர்ந்த பிறகு பெரிய துணியில் கொட்டிக் கலந்து, 50 கிராம் வெற்றிடப் பைகளாகக் கட்டி, ரகமும் பறித்த நாளும் எழுதிச் சமமாகப் பிரியுங்கள். வைப்பது மைனஸ் 18இல். கலந்துவிட்டால் எல்லாப் பையும் ஒரே ஆல்ஃபா. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்பினால் எட்டுப் பேருக்கும் அது பொருந்தும். பறிக்க வராதவருக்கு எவ்வளவு என்பதை முதல் வசந்தத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆல்ஃபா தெரியாத வரை கசப்புக்குக் கடையில் வாங்கிய மக்னம் போன்ற ரகத்தை, எண் அச்சிட்ட பையிலிருந்து, கொதியின் தொடக்கத்தில் போடுங்கள். உங்கள் பூவைக் கடைசிக்கு வையுங்கள். 20 லிட்டர் பேல் ஏலுக்கு: மக்னத்தில் 25 ஐபியூ (கசப்பின் அளவு), அடுப்பணைத்து வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) 80 பாகைக்கு வந்ததும் 60 கிராம் காஸ்கேட் 20 நிமிடம், நொதித்து முடிந்ததும் 50 கிராம் மூன்று நாள். முழுப்பூ வோர்ட்டை நிறைய உறிஞ்சும், தொடக்கத்திலேயே ஒரு லிட்டர் கூட்டி வையுங்கள். பச்சையாகப் போட்டால் ஐந்து மடங்கு எடை, பறித்து 24 மணி நேரத்துக்குள்.

பின்முற்றம்

சொல்லாமல் விட்டவை இரண்டு. ஹொப்ஸ் நாய்க்கு நஞ்சு: காய்ச்சி எடுத்த சக்கையும் அப்படித்தான், உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்துபோகும். சமூகத் தோட்டத்தில் நாயோடு நடப்பவர்கள் வருவார்கள். சக்கையைத் திறந்த உரக்குழியில் போடாதீர்கள், வேலியில் பெரிதாக எழுதி மாட்டுங்கள். பறிக்க வருபவர்கள் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடட்டும், கொக்கிமயிர் தோலைக் கீறித் தடிப்பு வரும்.

மற்றது பக்கத்துப் பாத்திகள். ஹொப் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஓடி அடுத்தவர் தக்காளிக்குள் முளைக்கும், தோட்ட நிர்வாகம் இடத்தைத் திரும்பக் கேட்க அந்த ஒரு முறைப்பாடே போதும். இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு ஏப்ரலும், குருத்து வெட்டும் அதே நாளில், செடியைச் சுற்றி ஓரடி தள்ளிக் கூரான மண்வெட்டியை நேராக இறக்கி, வெளியே ஓடியதையெல்லாம் இழுத்தெடுங்கள். நன்றாக இழுபடும், ஒரு கன்றுக்குப் பத்து நிமிடம்.