‘பரவல் நோட்டம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

என்டரோவைரஸ் டி68 என்ற சளிக் கிருமி பற்றிய இழையில், ‘enterovirus surveillance’ என்பதற்குத் தமிழில் ‘குடல் நச்சுயிரிக் கண்காணிப்பு’ போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் இரண்டு பாதியும் உறுத்துகின்றன.

முதலில் குடல். இந்தக் கிருமியை 1962இல் கலிஃபோர்னியாவில் நுரையீரல் நோய் கண்ட குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்தார்கள். வயிற்றில் இருப்பது போன்ற அமிலம் பட்டால் தாங்காது. சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸ்களோடு சேர்த்து, ஒரு காலத்தில் ரைனோவைரஸ் 87 என்றே இதற்கு இன்னொரு பெயர் இருந்தது. மூக்கில் குடியிருப்பதைக் ‘குடல்’ என்று எழுதினால், என் பேத்தியின் பாலர் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் வயிற்றுப்போக்கு என்றுதான் நினைப்பார்கள். கை, கால், வாய்ப்புண் நோய்க் கிருமிகளும் இதே குடும்பம்தான். என்டரோவைரஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் கண்காணிப்பு. மின்தூக்கியில் இருக்கும் கேமரா செய்வதும் அதுதான். கொவிட் காலத்தில் சிங்கப்பூரில், யார் அருகில் இருந்தோம் என்று பதியும் டிரேஸ்டுகெதர் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அது ஆள் ஆளாகத் தொடர்பைத் தேடியது. இங்கே யாரையும் தேடவில்லை. சளி, இருமலோடு மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) வருபவர்களில் சிலருக்கு மட்டும் மூக்கில் குச்சிவிட்டு மாதிரி எடுத்து, ஊரில் பரவுவது எது என்று பார்க்கிறார்கள். அதிலும் வழக்கமான பிசிஆர் சோதனைகள் பல, ரைனோவைரஸ் அல்லது என்டரோவைரஸ் என்று சேர்த்தே சொல்லும். டி68தானா என்று தெரிய மரபணு வரிசையைப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள சோதனை வேண்டும். 2014இல் அமெரிக்காவில் இது பெரிதாகப் பரவியபோது, சளி பிடித்திருந்த சில குழந்தைகளுக்குச் சில நாளில் கை தூக்க முடியாமல் போனது. அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே பார்ப்பதுதான் இந்த வேலை.

அதனால் ‘பரவல் நோட்டம்’ என்கிறேன். வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தார்: “யார் வீட்டை நோட்டம் விடப் போறீங்க?” சரி, திருடன் வாடை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் காசுகளில் நல்லதையும் கள்ளக்காசையும் பிரித்துச் சொல்பவருக்கு நோட்டக்காரர் என்றுதான் பெயர். ரைனோவைரஸ் கூட்டத்தில் டி68ஐப் பிரிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வினையாக எழுதும்போது ‘நோட்டம் பார்த்தல்’ என்றே எழுதலாம், ‘விடுதல்’ வேண்டாம்.

மாதிரி எடுக்கும் மருந்தகத்தை ‘நோட்ட மருந்தகம்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் உட்கார மறுக்கிறது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.