பி53 போட்டும் ஜெல் ஷிஃப்ட்ல பேண்டே வரல, எங்க சொதப்புறேன்?

ஜெல்_மல்லுக்கட்டு:
ஜெல் ஷிஃப்ட், அதாவது புரோட்டீன் டிஎன்ஏல ஒட்டினா ஜெல்ல மெதுவா ஓடி மேல தனி பேண்டா நிக்குதான்னு பாக்கற டெஸ்ட், மூணு வாரமா இதுலயே மாட்டிக்கிட்டு முழிக்கிறேன், யாராச்சும் வழி சொல்லுங்கப்பா. புரோட்டீன் ரீகாம்பினன்ட் ஹியூமன் பி53 (கேன்சர தடுக்கறது, டிஎன்ஏல ஒட்டி ஜீன ஆன் பண்ணும்), ஈ.கோலைல எடுத்தது, ஹிஸ் டேக் (பிரிச்செடுக்க வசதியா சேத்த சின்ன துண்டு) இருக்கு, முழு நீளம் 393 அமினோ ஆசிட். பி21 ஜீனோட புரொமோட்டர்ல இருக்கற பைண்டிங் சைட்ட ஃப்ளோரசன்ட் ப்ரோபா, அதாவது ஒளிர்ற சின்ன டிஎன்ஏ துண்டா வாங்கி 50 நானோமோலார் போட்டேன், 20 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷன்ல 100 நானோகிராம் புரோட்டீன், 37 டிகிரில அரை மணி நேரம் வச்சுட்டு ஜெல் ஓட்டினா கீழ ஃப்ரீ ப்ரோப் மட்டும் பளிச்சுனு நிக்குது, மேல ஒண்ணுமே இல்ல, வெல்லோட (சாம்பிள் ஊத்துற குழி) வாய்ல மட்டும் ஏதோ அழுக்கு ஒட்டுன மாதிரி இருக்கு. இன்னொரு டவுட்டு, டேட்டாஷீட்ல 43.7 கிலோடால்டன்னு போட்டிருக்கான், எஸ்டிஎஸ் ஜெல்ல பாத்தா 53 கிட்ட நிக்குது. ஆள மாத்தி அனுப்பிட்டாங்களா?

பைப்பட்_பாண்டி:
ஆளெல்லாம் மாறல. 1979ல கண்டுபிடிச்சப்போ ஜெல்ல 53 கிட்ட ஓடுச்சு, அதான் பேரே அப்படி. நடுவுல புரோலின் நிறைய இருக்கற ஒரு பகுதியால மெதுவா ஓடும், நிஜ எடை 43.7 தான். அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்காத.

குளிர்அறை_அக்கா:
தம்பி, 37 டிகிரில அரை மணி நேரமா? அங்கயே பாதி கத முடிஞ்சுது. ஹியூமன் புரோட்டீன் தானே, உடம்பு சூட்டுல ஜம்முனு இருக்கும்னு எல்லாரும் நெனைக்கறது தான், ஆனா பி53யோட டிஎன்ஏ பைண்டிங் டொமைன் 44 டிகிரி வாக்குலயே குலைஞ்சு போற சாதி, தனியா எடுத்து 37ல வச்சா அரை ஆயுசு 9 நிமிஷம் தான். செல்லுக்குள்ள மத்த புரோட்டீன குலையாம பாத்துக்கற ஷாப்பரோன் தாங்கிப் பிடிக்குது, உன் டியூப்ல யாரு இருக்கா? ஐஸ்லயோ இல்ல ரூம் டெம்பரேச்சர்லயோ 20 நிமிஷம் போதும்.

அப்புறம் உன் டைல்யூஷன் பஃபர்ல ஈடிடிஏ இருக்கான்னு பாரு. அந்த டொமைன்ல ஒரே ஒரு ஜிங்க் உக்காந்திருக்கு, 176, 238, 242 சிஸ்டீனும் 179 ஹிஸ்டிடினும் அதப் புடிச்சிட்டிருக்கு. ஈடிடிஏ அத உருவிட்டா லூப் எல்லாம் தொளதொளன்னு ஆயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வெல் வாய்ல நிக்குற அழுக்கு அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆக்சிடைஸ் ஆகாம காக்கற டிடிடி கண்டிப்பா புதுசா கரைச்சுப் போடு, சிஸ்டீன் ஆக்சிடைஸ் ஆனாலும் இதே வியாதி தான்.

ஒரு டியூப்ப எத்தன தடவ உருக்கி உறைய வச்சே, உண்மைய சொல்லு.

ஜெல்_மல்லுக்கட்டு:
அஞ்சு தடவ இருக்கும் அக்கா 🙈 பஃபர்ல 1 மில்லிமோலார் ஈடிடிஏவும் இருக்கு, லேப்ல பழசா இருந்த ரெசிபி. அப்போ ஜிங்க் குளோரைட் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டா சரியாயிடுமா?

குளிர்அறை_அக்கா:
ஊத்தாத! கூடுதலா இருக்கற ஜிங்க் தப்பான இடத்துல போய் ஒட்டி இன்னும் மோசமா கட்டி கட்டும். இழந்தத திருப்பி வைக்கறது லேசுல நடக்கற காரியம் இல்ல, இழக்காம பாத்துக்கறது தான் வேல. ஜெல் ஓட்டுற டிபிஈ பஃபர்ல இருக்கற ஈடிடிஏவ பத்தி ரொம்ப கவலப்படாத, 4 டிகிரில ஓட்டு, நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க. புது டியூப் வந்த அன்னைக்கே 5 மைக்ரோலிட்டரா பிரிச்சு, கிளிசரால் இருக்கற பஃபர்ல மைனஸ் 80ல போட்டுடு, ஒண்ண எடுத்தா மிச்சத்த தூக்கி எறிஞ்சிடு, மனசு வலிச்சாலும்.

மோலார்_மாமா:
எல்லாரும் பஃபரயே பேசுறீங்க, கணக்க யாரும் பாக்கல. 20 மைக்ரோலிட்டர்ல 100 நானோகிராம்னா 114 நானோமோலார், சரி, ஆனா பி53 நாலு நாலா சேர்ந்து தான் உக்காரும், அப்போ டெட்ராமர் வெறும் 28 சொச்சம். ப்ரோப் 50. எல்லாப் புரோட்டீனும் உயிரோட இருந்தா கூட கிட்டத்தட்ட பாதி ப்ரோப் சும்மா தான் ஓடும். உயிரோட இருக்கறது அஞ்சுல ஒண்ணுன்னா உன் கண்ணுக்கு என்ன தெரியும்? ப்யூரிட்டி 90ன்னு போட்டிருக்கறது கூமாசி சாயத்துல எத்தன பேண்ட் தெரியுதுன்றத பத்தி, எத்தன மூலக்கூறு வேல செய்யுதுன்றத பத்தி இல்ல. ப்ரோப்ப 5க்கு இறக்கு, புரோட்டீன ஏத்திக்கிட்டே போ.

ஜெல்_மல்லுக்கட்டு:
அப்டேட். பழைய டியூப்ப 4 டிகிரில ஃபுல் ஸ்பீட்ல 10 நிமிஷம் சுத்தினேன், அடில வெள்ளையா ஒரு பொட்டு, மேல இருக்கற தண்ணில பிராட்ஃபோர்ட் டெஸ்ட்ல புரோட்டீன் அளவு பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, இத்தன நாளா எத அளந்து போட்டுட்டு இருந்தேன்னே தெரியல. புது அலிக்வாட் (பிரிச்சு வச்ச சின்ன டியூப்), ஈடிடிஏ இல்லாத பஃபர், புது டிடிடி, ஐஸ்ல 20 நிமிஷம், ப்ரோப் 5 நானோமோலார்: பேண்ட் வந்துடுச்சு!! பி53ய புடிக்கற டிஓ-1 ஆன்டிபாடி சேத்தா இன்னும் மேல ஏறுது. ஆனா சைட்ட மாத்தி வச்ச மியூட்டன்ட் ப்ரோப்லயும் லேசா ஷிஃப்ட் வருதே, அது ஏன்?

குளிர்அறை_அக்கா:
பி53யோட வால் பக்கம், அதாவது கடைசி 30 அமினோ ஆசிட், லைசின் நிறைய, சீக்வன்ஸே பாக்காம எந்த டிஎன்ஏ கிடைச்சாலும் ஒட்டிக்கும். பாலி டிஐடிசி (அப்படி கண்டபடி ஒட்டறத தன் பக்கம் இழுத்துக்கற டிஎன்ஏ) போட்டியா இல்லையா? ப்ரோபுக்கு முன்னாடியே புரோட்டீனோட அத கலந்து 5 நிமிஷம் விடு. கூடவே லேபிள் இல்லாத ப்ரோப் 50 மடங்கு போட்டு ஒரு லேன் ஓட்டு, ஒரிஜினல்ல ஒண்ணு, மியூட்டன்ட்ல ஒண்ணு. ஒரிஜினல் போட்ட லேன்ல மட்டும் பேண்ட் காணாம போச்சுன்னா அந்தப் படத்த கைடுகிட்ட காட்டு.

பைப்பட்_பாண்டி:
காட்டறதுக்கு முன்னாடி பழைய பஃபர் பாட்டில கவுத்துடு, இல்லன்னா அடுத்து வர்ற ஜூனியரும் இங்க வந்து இதே கேள்விய கேப்பான்.